நான் கண்டுபிடித்த பத்தியம்

என்னிடம் ஒரு குறை இருக்கிறது. (ஒன்றுதானா என்று வீட்டில் கேட்பார்கள். இன்றைக்கு ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.) "எனக்குத் தெரியாது" என்றோ "நான் சொன்னது பிழை" என்றோ சொல்ல எனக்கு வாய் வராது.

இதற்கு என் படிப்பும் ஒரு காரணம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். உயிலங்குளத்தில் எங்கள் ஒழுங்கையில் யாருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடதாசி வந்தாலும் அது என்னிடம்தான் வரும். நான் அதை வாசித்து, முகத்தைச் சற்று இறுக்கி வைத்துக்கொண்டு, கருத்துச் சொல்வேன். பாதி விளங்காவிட்டாலும் சொல்வேன். ஊரே நம்பும். அப்படி நம்பி நம்பியே என்னைக் கெடுத்துவிட்டார்கள் என்று பழியை அவர்கள் மேல் போடலாம். ஆனால் இந்தக் கதையில் ஏற்கெனவே ஒருமுறை அவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டேன். இரண்டாம் முறை கூடாது.

பட்டம் முடித்த அடுத்த வருடம் எனக்கு ஒரு மூலிகை மருந்து ஆராய்ச்சியில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஒரு சூரணம். நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன்னர், சுகமான ஆட்கள் குடித்தால் உடம்பு அதை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். இருபத்து நான்கு பேர், இருபத்தொரு நாள். காலையில் சுடுதண்ணீரில் ஒரு சின்னக் கடதாசிப் பக்கெற் தூள். முதல் நாளும் கடைசி நாளும் இரத்தம் எடுப்பது, நிறை பார்ப்பது. இவ்வளவுதான். ஆராய்ச்சியை நடத்திய டொக்டர் அம்மா அமைதியானவர். சித்த மருத்துவம் படித்தவர். ஆட்களை எங்கே தேடுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் முந்திக்கொண்டேன்.

"எங்கட ஊரிலை ஒரு காலமைக்குள்ளை சேர்த்துத் தாறன் டொக்டர்."

"சுகமான ஆக்களை மருந்து குடிக்க வைக்கிறது லேசில்லைப் பிள்ளை."

"நான் சொன்னால் எங்கட சனம் கேக்கும்."

இந்தக் கதையில் நான் சொன்ன முழு உண்மை இது ஒன்றுதான். பிரச்சினையும் இதுதான்.

அறுவடை முடிந்து வயல்கள் வெறுமனே கிடந்த காலம். ஊரில் ஆட்களுக்கு நேரம் இருந்தது. மாதர் சங்கக் கட்டடத்தில் கதிரைகள் போட்டு, உள்ளறையில் டொக்டர் இரத்தம் எடுக்க, வெளியே மேசையில் நான் பெயர் பதிந்தேன். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: "நீங்கள் ஏன் பங்குபற்ற விரும்புகிறீர்கள்?" எல்லோருடைய பெயருக்கு நேரேயும் நானே அழகான எழுத்தில் "மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவுவதற்காக" என்று நிரப்பினேன்.

உண்மையான காரணங்கள் வேறு. பக்கத்து வீட்டுச் சிவபாக்கியம் மாமி வந்தது இரத்தம் சோதிக்க. மன்னார் ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நிற்கத் தேவையில்லை. உழவு மெசின் ஓட்டும் குகன் அண்ணை வந்தது தன் மகனுக்கு நான் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த கடனுக்காக. ஒரு அக்கா தொந்தி வயிறு இறங்கும் என்ற நம்பிக்கையில் வந்தார். அவருடைய மச்சாள், அவர் வந்ததால் வந்தார். இன்னொருவர் ஒளிக்காமல் சொன்னார்: "வராமல் விட்டால் நீ படிச்சிட்டாயெண்டு எனக்கு எரிச்சலாம் எண்டு கதைப்பினம் பிள்ளை."

மறுத்தவர்களிடமும் காரணம் இருந்தது. வளவு நிறைய மாமரம் நிற்கும் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று சொன்னார்: "மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்திருக்கு. மருந்து குடிக்கிற வீடெண்டு கதை போனால் ஆர் கட்டுவினம்?" இன்னொருவர் வாதம் எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தப்பென்று தோன்றவில்லை: "சுகமா இருக்கேக்கை குடிச்சுப்போட்டால், வருத்தம் வரேக்கை அந்த மருந்து பிடிக்குமோ?"

ஒன்பது பேர் கையெழுத்து வைத்திருப்பார்கள். அப்போதுதான் சிவபாக்கியம் மாமி கேட்டார்.

"அப்ப பிள்ளை, பத்தியம் என்ன?"

"பத்தியம் ஒண்டும் இல்லை மாமி. வழக்கமாச் சாப்பிடுறதைச் சாப்பிடலாம்."

படிவத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த இடத்தோடு என் வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் கதிரைகளில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது.

"பத்தியம் இல்லையோ?" குகன் அண்ணை பேனையை மேசையில் வைத்தார். "பத்தியம் இல்லாத மருந்தும் ஒரு மருந்தோ? உது தேத்தண்ணி."

"மீனும் திண்டு, புளியும் திண்டு, மருந்தும் குடிக்கிறதோ? மருந்து முறியுமெல்லோ," என்றார் வயிறு இறங்க வந்த அக்கா.

"இவள் பிள்ளைக்குச் சரியாத் தெரியேல்லைப் போல," என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

கடைசியில் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு கதிரைகள் பின்னால் இழுபட்ட சத்தமும் விழுந்தது. உள்ளறைக்குப் போய் டொக்டரைக் கேட்டிருக்கலாம். பத்தடி தூரம். (அந்தப் பத்தடியை இப்போதும் சில நாட்களில் மனதுக்குள் நடந்து பார்க்கிறேன்.) நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன்.

"பொறுங்கோ, பொறுங்கோ. இருக்கு. நான் சொல்ல வந்தனான், நீங்கள் விடேல்லை. புளி, கத்தரிக்காய், நண்டு, இறால், கருவாடு. இது அஞ்சும் ஆகாது."

எங்கிருந்து வந்தது இந்த ஐந்தும் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்த வரிசை. ஆனால் சபை முகம் மலர்ந்தது. இழுத்த கதிரைகள் திரும்பி வந்தன. "அதானே பாத்தன்," என்று குகன் அண்ணை பேனையை எடுத்தார். சும்மா பார்க்க வந்தவர்கள்கூட வரிசைக்கு வந்தார்கள். சுகமான மனிதர்கள் ஏன் மருந்து குடிக்க முன்வருகிறார்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், எங்கள் ஊரைப் பொறுத்தவரை பதில் இதுதான்: கஷ்டம் இருந்தால்தான் அது மருந்து.

மதியத்துக்குள் இருபத்து மூன்று பேர். ஒருவர் குறைவு.

அப்போது என் அக்கா ராதா, எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்போடு அவளுடைய படிப்பு நின்றது. திரும்பி வந்தபோது அம்மாவோடு வயலுக்குப் போக ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவள் போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.

"அக்கா, நீ வா. உன்னோடை சரியாப் போகும்."

"எனக்கு ஏலாதடி. அத்தான் நாளையிண்டைக்கு வாறாரெல்லோ."

அக்காவின் கணவரான அத்தான் கட்டாரில் கிரேன் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்குப் பிறகு மூன்று கிழமை லீவில் வருகிறார். வந்தால் நண்டுக்கறி வேண்டும் என்று ஒரு மாதமாக ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அத்தான் வந்தால் வரட்டும். நீ காலமையிலை ஒரு கப் தண்ணி குடிக்கிறது அவருக்கு என்ன செய்யும்?"

அக்கா தட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள். விரலை வரிக்கு வரி ஓட்டி மெதுவாக வாசித்தாள். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. உள்ளறையில் இருந்து டொக்டர் எட்டிப் பார்த்தார்.

"இதிலை விருப்பமில்லாட்டி சேரத் தேவையில்லை எண்டு கிடக்கு," என்றாள் அக்கா.

"ஐயோ அக்கா, உனக்கு உது விளங்காது. ஒன்பதாம் வகுப்போடை நிண்டனீ. நான் சொல்லுறன், கையெழுத்தைப் போடு."

மாமி தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பேனையை எடுத்துத் தன் பெயரை முழுதாக எழுதினாள். அவள் பெயருக்கு நேரேயும் நான் "மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவுவதற்காக" என்றே எழுதினேன். நேர்மையாக எழுதியிருந்தால் "தங்கச்சி சபையில் அவமானப்படுத்தியதற்காக" என்று எழுதியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து, பக்கெற்றுகளை எண்ணிப் பார்க்க ஊருக்குப் போனேன். ஒழுங்கை முகப்பில் மீன்காரர் நியாஸ் நானா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, உங்கட ஊருக்கு என்ன நடந்த? ஒரு கிழமையா ஹோர்ன் அடிச்சு அடிச்சுப் போறன். ஒரு கதவு திறக்குதில்ல. எல்லாரும் விரதமா?"

நான் சொன்னது ஐந்து பொருட்கள். ஆனால் ஒரு பத்தியம் எங்கள் ஊரில் பிறந்த அளவிலேயே நிற்காது, வளரும். நண்டு ஆகாது என்றால் மீன் ஆகுமா? ஆகாது. புளி ஆகாது என்றால் தேசிக்காய்? அதுவும் புளிதானே. கத்தரிக்காய்க்குப் பின்னால் வாழைக்காய் போயிற்று, அதன் பின்னால் தேங்காய்ப்பால் போயிற்று. தலைமுழுக்கு நின்றது. மதிய நித்திரை நின்றது. வீடு வீடாகப் பயறும், மிளகுத்தண்ணியும், குத்தரிசிக் கஞ்சியும். குடும்பத்தில் ஒருவர் பத்தியம் என்றால் மற்றவர்களுக்கு வேறாகச் சமைக்க யாருக்கு நேரம்? இருபத்து நான்கு பேர் மருந்து குடிக்க, ஒரு ஊரே மெலிந்துகொண்டிருந்தது.

குகன் அண்ணை மெசினில் இருந்து இறங்கிப் பெருமையோடு காற்சட்டையைப் பிடித்துக் காட்டினார். "பார் பிள்ளை, ரெண்டு விரல் போகுது. மருந்து வேலை செய்யுது."

எங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மாவும் அக்காவும் ஒரே வீட்டில்தான். அத்தான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரு கோப்பைக் கஞ்சியைக் கிணற்றுக்குள் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ மச்சாள், வாங்கோ. நீங்கள் படிச்ச படிப்புக்கு நான் பயறு தின்னுறன்."

"உங்களுக்கு நண்டு சமைக்கலாமே அத்தான். நீங்கள் மருந்து குடிக்கேல்லையே."

"சமைச்சவதான். கறிச்சட்டியைத் தொட்டு உப்புப் பாக்கக்கூடாதெண்டு அம்மாவின்ரை உத்தரவு. நாக்கிலை பட்டால் பத்தியம் முறிஞ்சிடுமாம். பாக்காமல் இறக்கினது. கடலை வத்த வைச்சு ஊத்தின மாதிரி உப்பு. நாய் முகர்ந்து பாத்திட்டுத் திரும்பிப் போட்டுது."

அம்மா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தார். "மருந்தெண்டால் மருந்து. என்ரை பிள்ளை சொன்னால் காரணம் இருக்கும்."

அப்போதுதான் விறாந்தை மூலையைக் கவனித்தேன். சுருட்டிய பாய் ஒன்று, தலையணை ஒன்று, அதன் மேல் அத்தானின் சாரம். நான் பார்ப்பதை அத்தான் பார்த்தார்.

"அம்மா சொன்னவ, பத்தியம் எண்டால் எல்லாத்துக்கும்தான் பத்தியமாம்," என்றார் மெல்ல.

(பத்தியம் என்றால் சாப்பாட்டோடு முடிகிற விசயம் என்று அந்த நிமிடம் வரை நம்பிக்கொண்டிருந்தவள் நான். பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை.)

இரண்டு வருடம் பாலைவனத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்த மனிதன், நான் வாயில் வந்தபடி சொன்ன ஒரு பொய்யால் விறாந்தையில் படுத்துக்கிடக்கிறார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம்: "அம்மா, பத்தியம் ஒண்டும் இல்லை. நான் புழுகினனான்." இன்னும் பதினொரு நாள் மிச்சம் இருந்தது. அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றாள். அவள் கன்னம் ஒட்டியிருந்தது. நான் பக்கெற்றுகளை எண்ணினேன். கணக்குச் சரி. தேத்தண்ணியைக் குடித்தேன். போய்விட்டேன்.

இருபத்தோராம் நாள். மீண்டும் அதே மாதர் சங்கக் கட்டடம். டொக்டர் நிறை பார்க்கத் தொடங்கினார். முதல் ஆள் இறக்கம். இரண்டாம் ஆள் இறக்கம். எட்டாம் ஆளுக்குப் பிறகு தராசை மாற்றச் சொன்னார். புதுத் தராசும் அதையே சொன்னது.

"எல்லாரும் மெலிஞ்சிருக்கிறீங்களே. சாப்பாடு ஒழுங்காச் சாப்பிடுறீங்களோ?"

யாரும் பதில் சொல்வதற்கு முன், அக்காவோடு வந்து கதவடியில் நின்ற அத்தான் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையை உயர்த்தினார்.

"டொக்டர், ஒரு கேள்வி. மறுபத்தியமும் இருக்கோ?"

மருந்து முடிந்த பிறகு அதே அளவு நாட்களுக்கு மீண்டும் பத்தியம் இருப்பது பழைய வழக்கம். அம்மா அதைக் காலையில்தான் அறிவித்திருந்தார். அத்தானின் விமானத்துக்கு இன்னும் மூன்று நாள்.

"என்ன மறுபத்தியம்?" என்றார் டொக்டர். "இதுக்குப் பத்தியமே இல்லையே."

பிறகு அத்தான் கேட்டார், அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு குரலில்: "இல்லவே இல்லையோ?"

கட்டடம் சிரிப்பில் அதிர்ந்தது. விறாந்தைப் பாய் விசயம் ஒழுங்கை முழுக்கத் தெரிந்திருக்கிறது. டொக்டர் சிரிக்கவில்லை.

"ஆர் உங்களுக்குப் பத்தியம் சொன்னது?"

சிரிப்பு நின்றது. இருபத்து நான்கு பேருக்கும் பதில் தெரியும். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. குகன் அண்ணை கூரையைப் பார்த்தார். சிவபாக்கியம் மாமிதான் வாயைத் திறந்தார்.

"நாங்களாத்தான் டொக்டர். மருந்தெண்டால் பத்தியம் இருக்கிறதுதானே எங்கட பழக்கம்."

டொக்டர் பெருமூச்சு விட்டார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக விளக்கினார். இப்போது மெலிந்தது மருந்தாலா பயறாலா என்று யாராலும் சொல்ல முடியாது, இந்த இருபத்தொரு நாளும் வீண் என்றார். எல்லோரும் தலையைக் குனிந்து கேட்டார்கள். எனக்காக.

நான் என்ன செய்தேன்? டொக்டருக்குப் பக்கத்தில் பேனையோடு நின்று தலையை ஆட்டினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவருக்கு மட்டும் கேட்கட்டும் என்று நினைத்து, ஆனால் முன்வரிசைக்கும் கேட்கிற குரலில், சொன்னேன்:

"எங்கட சனத்துக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது டொக்டர்."

முன்வரிசையில் இருந்தது அக்கா.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது நியாஸ் நானாவின் பெட்டியில் இருந்து நண்டு வந்து சட்டிக்குள் இருந்தது. அத்தான் தேசிக்காய் பிழிந்துகொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நான் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்பதற்கு வசனங்கள் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை.

அக்கா கையைத் துடைத்துவிட்டு அறைக்குள் போய், அலுமாரியில் இருந்து ஒரு கடதாசியை எடுத்து வந்தாள். அவளுக்கென்று கொடுத்த படிவப் பிரதி. நடுவில் ஒரு வரியின் கீழ் நீலப் பேனையால் கோடு இழுத்திருந்தது: "உங்கள் வழமையான உணவை மாற்றமின்றி உட்கொள்ளலாம்."

"இதை எப்ப பாத்தனீ?"

"கையெழுத்து வைச்ச அண்டைக்கே. வீட்டை வந்து ரெண்டு தரம் வாசிச்சனான்."

"அப்ப ஏனக்கா? அத்தான் வந்து நிக்கேக்கை ஏன் பத்தியம் இருந்தனீ? என்னட்டைக் கேட்டிருக்கலாமே!"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சட்டியைக் கிளறிக்கொண்டே, காலநிலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"கடதாசியிலை ஒண்டு கிடக்கு. நீ ஒண்டு சொன்னனீ. எனக்கு உது விளங்காதெண்டும் சொன்னனீ. அதுதான், எனக்குத்தான் வாசிக்கத் தெரியேல்லை எண்டு நினைச்சன்."

அடுத்த கிழமை ஆராய்ச்சிக் கந்தோருக்குப் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆட்களோடு பேசும் வேலையில் இருந்து என்னை எடுத்து, களஞ்சிய அறையில் பக்கெற் எண்ணும் வேலையில் போட்டார். ஒப்பந்தம் முடியும் வரை எண்ணினேன். ஆராய்ச்சியை வேறு ஊரில், வேறு உதவியாளரோடு, முதலில் இருந்து செய்தார்கள். ஊருக்கு வந்து வீடு வீடாகவும் சொன்னேன். சிவபாக்கியம் மாமி என்னை முடிக்கவே விடவில்லை. "அதை விடு பிள்ளை, எனக்கு இடுப்பு இறங்கினது. அந்தப் பத்தியத்தை ஒருக்கா எழுதித் தா, மறந்து போச்சு."

இப்போது எங்கள் குடும்பத்தில் இது நிரந்தரப் பகிடி. யாருக்காவது தடிமன், தும்மல் என்றால்கூட, "எங்கட ஆளைக் கேளுங்கோ, அஞ்சு சாமான் சொல்லுவா," என்பார்கள். அத்தான் கட்டாரில் இருந்து லீவு எடுப்பதற்கு முன் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்புவார்: "மச்சாள், டிக்கெற் போடப்போறன். ஊரிலை ஆராய்ச்சி ஒண்டும் இல்லையே? இருந்தால் சொல்லுங்கோ, நான் இஞ்சையே நிக்கிறன்." அக்கா அன்றைக்கே அந்த வரியை வாசித்திருந்தாள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. (அவர் கட்டுரைகள் வாசிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

இந்தப் பகிடிக்கு அக்கா மட்டும் சிரிப்பதில்லை என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். உண்மை அதுவல்ல. எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் அவள்தான். அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

போன முறை அத்தான் வந்திருந்தபோதும் நண்டுதான். உப்பு அளவாக இருந்தது. வழக்கம்போலப் பகிடி ஒரு சுற்றுப் போய் முடிந்தது. நான் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். அக்கா சட்டிக்குள் துழாவி, இருந்ததிலேயே பெரிய கடியன் காலை எடுத்து என் கோப்பையில் வைத்தாள்.

"வழமையான உணவை மாற்றமின்றிச் சாப்பிடலாமடி," என்றாள். "கடதாசியிலை அப்பிடித்தான் கிடக்கு. நான் வாசிச்சனான்."